லெட்பான் சாமான்

மாசி மாதத்தில், மிளகாய் வத்தல் காயப்போட்டிருந்த களத்தில், காலை பத்தே முக்கால் மணிக்கு, ஓலை அசையாத வெயிலில், கூத்தன்கரிசல் ஊரின் மேல் முதன்முதலாக வானத்திலிருந்து விழுந்தது ஒற்றைச் செருப்பு. விழுந்தது என்று சொல்வதுகூடத் தப்பு. வேப்பம்பூ உதிர்வது மாதிரி ஆடி ஆடி, அவசரமே இல்லாமல் இறங்கி வந்து, வத்தல் குவியலின் உச்சியில் உட்கார்ந்தது. வத்தல் கிண்டிக்கொண்டிருந்த பெண்கள் ஐந்து பேரும் நிமிர்ந்து மேலே பார்த்தார்கள். ஒரு பருந்துகூட இல்லை. குனிந்து செருப்பைப் பார்த்தார்கள். பச்சை வெல்வெட்டு வார் வைத்த, பெண்கள் போடுகிற செருப்பு. அது எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. குருவம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

“இதோட சோடி எங்கிட்டு?”

கூத்தன்கரிசல்காரர்கள் அப்படித்தான். மழை ஏன் பெய்யவில்லை என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஊர் அது. வானத்திடம் காரணம் கேட்கிற பழக்கத்தை அவர்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள். சோடி மறுநாள் அதே பத்தே முக்காலுக்கு வந்து சேர்ந்தது. குருவம்மாள் இரண்டையும் காலில் போட்டுப் பார்த்தாள், அளவு சரியாக இருந்தது, போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் துருவேறிய கூரைத் தகரம் ஒன்று புரண்டு புரண்டு வந்தது. நான்காம் நாள் நிலையோடு கூடிய ஒரு கதவு இறங்கி, களத்தின் நடுவில் நட்டு வைத்தாற்போல நின்றது. அதற்கு இந்தப் பக்கமும் களம்தான், அந்தப் பக்கமும் களம்தான், என்றாலும் அன்றைக்கு முழுக்க ஊர்ச் சனம் அதைத் திறந்துதான் போனது, திறந்துதான் வந்தது, போகும்போது சாத்திவிட்டும் போனது. அதன் பிறகு நாள் தவறவில்லை. ஈயச் சட்டி விழுந்தது, எண்ணெய்க் காகிதக் குடை விழுந்தது, பாதி கருகிய பாய் விழுந்தது, ஆலை யந்திரத்தில் ஓடுகிற தோல் பெல்ட்டு ஒன்று முப்பது முழத்துக்குப் பாம்பாக நெளிந்து விழுந்தது, ஆட்டுரல் இல்லாமல் அதன் குழவி மட்டும் விழுந்தது. எதுவும் உடையவில்லை, யார் தலையிலும் படவில்லை. குழவிகூடப் பஞ்சாகத்தான் இறங்கியது. தரையைத் தொட்ட பிறகுதான் அதற்குப் பாரம் வந்தது.

பள்ளிக்கூடத்து இஸ்ரவேல் வாத்தியார் ஊரைக் கூட்டி வைத்து, கடலில் சூறாவளி கிளம்பினால் அக்கரைச் சாமான்களை அள்ளிக்கொண்டு வந்து இக்கரையில் கொட்டும் என்று படம் வரைந்து விளக்கினார். மறுநாள் அவருடைய பள்ளிக்கூடத்து முற்றத்திலேயே ஒரு கரும்பலகை இறங்கியது. அதில் வட்டம் வட்டமாக ஏதோ எழுத்து, மூன்றாவது வரியின் பாதியில் நின்றிருந்தது. வாத்தியார் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பலகை விரிசல் விட்டு மூன்று வருசம் ஆகியிருந்தது. துணியை நனைத்துத் துடைத்துவிட்டு அனா ஆவன்னா எழுதிப் போட்டார். அதற்குப் பிறகு அவர் சூறாவளியைப் பற்றிப் பேசவில்லை.

விழுகிற சாமானுக்குச் சண்டை வரும் என்று தெரிந்ததும் நாட்டாமை வெயிலுமுத்து மூன்றே வரியில் சட்டம் போட்டார். கூரையில் விழுந்தால் கூரைக்காரனுக்கு. களத்தில் விழுந்தால் முதலில் தொட்டவருக்கு. தெருவில் விழுந்தால் காளியம்மனுக்கு. சட்டம் வந்த பிறகு ஊரே மாறிவிட்டது. பொங்கலுக்குக்கூடக் கூரை பெருக்காதவர்கள் தினமும் ஏணி வைத்து ஏறிப் பெருக்கினார்கள். குடிசைக்காரர்கள் தாழ்வாரத்தை நாலு முழம் இழுத்து ஓலை வேய்ந்தார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில், “எங்க கூரை நல்லா விழுற கூரைங்க” என்று சொல்லிப் பெண் கொடுத்தார்கள், கேட்டவர்களும் நம்பிப் பெண் எடுத்தார்கள். ஓசியில் கிடைத்தால் தனக்கு ஒன்று, தன் தம்பிக்கு ஒன்று என்பது அந்த ஊருக்கு மட்டும் உள்ள குணமா என்ன?

ஒருநாள் ஒரு மூங்கில் தொட்டில் ஆடிக்கொண்டே இறங்கியது. களத்தில் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ஆடிவிட்டுத்தான் அடங்கியது. உள்ளே இருந்த துணி ஈரமாக இருந்தது. அன்றைக்கு யாரும் தொடவில்லை. சனம் ஒதுங்கி நின்று பார்த்துவிட்டு ஒதுங்கியே வீட்டுக்குப் போனது. இரண்டாம் நாள் குருவம்மாள் வந்தாள். அவள் மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தாள். “பச்சப்பிள்ளை ஈரத்துல என்ன தீட்டு?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துணியை அலசிக் காயப்போட்டாள், தொட்டிலைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

இது அத்தனையும் எந்த ஊர்ச் சாமான் என்று கூத்தன்கரிசலில் தெரிந்தவன் ஒரே ஒருத்தன்தான். அவன் பெயர் தவசிலிங்கம். இருபத்துநாலு வயது. சண்டை முடிந்து, தை மாதம்தான் பட்டாளத்திலிருந்து வீட்டுக்கு வந்திருந்தான். ஏரோப்ளேன் ஓட்டினவன், அதுவும் குண்டு போடுகிற ஏரோப்ளேன். அந்தச் சுற்றுவட்டாரத்தில் ரயிலையே தூரத்தில் நின்று கும்பிட்ட சனம் இருந்தது. அவனை மேளதாளத்தோடு அழைத்து வந்தார்கள், நெஞ்சில் குத்தியிருந்த பதக்கத்தைப் பெண்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவன் அன்றிலிருந்து தலையைக் குனிந்தே நடந்தான். அடக்கம் என்றார்கள். அடக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவனுக்கு மேலே பார்க்கப் பயம்.

தகரம் விழுந்த அன்றைக்கே அவனுக்குச் சந்தேகம். தோல் பெல்ட்டு விழுந்த அன்றைக்கு உறுதியாகிவிட்டது. அது நெல் ஆலை பெல்ட்டு. இரண்டு வருசத்துக்கு முன்னால், பர்மாவில், லெட்பான் என்ற ஆற்றங்கரை ஊரில், ஒரு பங்குனி மாதக் காலையில் பத்தே முக்கால் மணிக்கு, அந்த ஆலையின் மேல் குண்டு போட்டவன் அவன்தான். தூக்கியெறியப்பட்டதெல்லாம் மேலே போனதை அவன் திரும்பிப் பார்த்தான். கீழே வந்ததைப் பார்க்கவில்லை. வந்திருந்தால்தானே பார்ப்பதற்கு?

இதில் அவனை அறுத்தது வேறு ஒன்று. அந்த லெட்பானில்தான் அவன் அக்கா பூரணத்தைக் கட்டிக் கொடுத்திருந்தது.

பூரணத்துக்குக் கல்யாணம் ஆகும்போது தவசிக்குப் பதினாறு வயது. மாப்பிள்ளை லெட்பான் நெல் ஆலையில் மேஸ்திரி. அப்பா இல்லாத வீடு. அம்மா சீனியம்மாள் வத்தல் வியாபாரம் செய்து பித்தளையும் வெண்கலமுமாகச் சீர் சேர்த்திருந்தாள். சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டாமல் கொடுப்பது அந்தப் பக்கத்தில் வழக்கம் இல்லை. பெண் எந்தச் சீமைக்குப் போனாலும், யார் வீட்டு அடுப்பில் வெந்தாலும், இது இன்னார் வீட்டுப் பொருள் என்று பாத்திரம் சொல்ல வேண்டும். தவசியின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் பாத்திரக்கடைக்காரர் அவனையே பென்சிலால் எழுதித் தரச் சொல்லி, அதன் மேல் உளியால் புள்ளி வைத்தார். ‘கூத்தன்கரிசல் சீனியம்மாள் மகள் பூரணத்துக்குச் சீர்.’ ஒவ்வொன்றிலும் பேர் முடிகிற இடத்தில் தவசி ஒரு சின்னக் குருவியை வரைந்து, அதையும் வெட்ட வைத்தான். அக்கா சிரித்தாள். பிற்பாடு அவன் ஏரோப்ளேன் ஓட்ட ஆசை என்று எழுதியதற்கு, “பறக்குற கிறுக்கு உனக்கு அப்பவே இருந்திருக்கு” என்று பதில் எழுதினாள்.

அவள் கடிதங்களை அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறவன் அவன்தான். ஆலைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட வீடுகள், எல்லாம் நம்மாட்கள். ஆற்றங்கரையில் நாங்களே காளியம்மனுக்கு ஒரு கோயில் கட்டி, நம்மூர் மாதிரியே சுவருக்குக் காவியும் வெள்ளையும் பட்டை அடித்திருக்கிறோம். என் சமையலில் உப்பு கூட என்று அம்மா நீதான் திட்டுவாய், அத்தான் ஒன்றும் சொல்வதில்லை. இப்படி.

பிறகு ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தான். நம் சனம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலையையும் காட்டையும் கடந்து நடந்தே வந்தது. கிளம்பியதில் பாதி வந்தது, பாதி வழியிலேயே கிடந்துவிட்டது. பூரணம் வந்ததிலும் இல்லை. வழியில் பார்த்தோம் என்று சொல்வாரும் இல்லை. எள்ளும் தண்ணீரும் இறைத்துவிடு என்று சொன்ன உறவுக்காரர்களைச் சீனியம்மாள் விளக்குமாற்றால் விரட்டினாள். அந்தச் சமயத்தில்தான் மதுரையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த தவசி, ஏரோப்ளேன் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், பர்மாவைப் பிடிக்கப் போகிறார்கள் என்று வந்து நின்றான். ஒற்றை மகனைச் சண்டைக்கு அனுப்ப எந்தத் தாய் சம்மதிப்பாள்? சீனியம்மாள் சம்மதித்தாள். ஏரோப்ளேனை அவள் பஸ்ஸைப் போலத்தான் நினைத்திருந்தாள்.

“போற வழிதானய்யா. ஒரு எட்டு எறங்கி அக்காவப் பாத்துட்டு, கையோட கூட்டிட்டு வந்திரு.”

அதோடு ஒரு அரக்குச் சுங்குடிச் சேலையை வாங்கி அவன் பெட்டியின் அடியில் வைத்தாள். பிறந்த வீட்டுச் சேலை கட்டி எத்தனை வருசம் ஆச்சோ, பார்த்தவுடனே கொடு என்றாள். அந்தச் சேலை அம்பாலாவுக்குப் போனது, பெஷாவருக்குப் போனது, கடைசியில் வங்காளக் கரையோரத்து மூங்கில் கொட்டகை வரைக்கும் அவனோடு போனது.

எங்கே குண்டு போட வேண்டும் என்று குறி சொல்கிற அதிகாரி ஒருநாள் மேப்பில் லெட்பான் என்ற பெயரைக் கம்பால் தட்டினார். ஆலையில் ஜப்பான்காரன் அரிசி அடைத்து வைத்திருக்கிறான் என்றார். தவசி தனக்குத்தானே ஒரு கதை சொல்லிக்கொண்டான். லெட்பான் என்றால் இலவ மரம். நம் பக்கம் எத்தனை ஆலங்குளம், எத்தனை புளியங்குளம் இருக்கிறது, பர்மாவில் பத்து லெட்பான் இருக்காதா? இருந்தாலும் அவள் நடந்து கிளம்பியிருக்க மாட்டாளா? கையை உயர்த்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பயந்தாங்கொள்ளி என்பார்களோ, வேறு ஒருத்தனை அனுப்பிவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டான்.

பன்னிரண்டாயிரம் அடியிலிருந்து மூக்கைக் கீழே குத்தி நெட்டுக்குத்தாக இறங்க வேண்டும். அதுதான் அந்த ஏரோப்ளேனின் வேலை. பூமி கிணற்றடியிலிருந்து எழும்பி வருவது போல் வரும். முதலில் ஆறு வந்தது, பிறகு புகைபோக்கி வந்தது, பிறகு தகரக் கூரைகள் வெயிலில் மின்னி வந்தன, அவற்றின் இடுக்கில் அடுப்புப் புகை நாலைந்து நூலாக வந்தது. கடைசியில் ஆற்றங்கரையில் விரல்கடை அளவுக்கு ஒரு சுவர், அதில் காவியும் வெள்ளையும் பட்டை. பர்மாக்காரன் அப்படிப் பட்டை அடிக்க மாட்டான், ஜப்பான்காரன் அடிக்க மாட்டான். அதைப் பார்த்த பிறகு குண்டை விடுவதற்கு முன்னால் எண்ணி நாலு விநாடி இருந்தது. கையை எடுத்திருக்கலாம், குண்டை ஆற்றில் விட்டிருக்கலாம். அவன் விட்டது சரியாக ஆலையிலும் வீடுகளிலும் விழுந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பாட்டீல் என்கிற துப்பாக்கிக்காரன், “அடிச்சுட்டே தம்பி, அம்சமான அடி!” என்று அவன் பாஷையில் கத்தினான். பதக்கம் அதற்குத்தான்.

சீனியம்மாளின் கூரையில் முதலில் விழுந்தது ஒரு வெண்கலக் குத்துவிளக்கு. பேர் வெட்டியிருந்தது, குருவி இருந்தது. தவசி அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அம்மா பிடுங்கிப் பார்த்தாள், விரலால் தடவிப் பார்த்தாள், அவளுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் குருவி தெரியும். அவள் முகம் சிவந்தது.

“சீரைத் திருப்பி அனுப்புறாகளா? அம்புட்டு ஆச்சா அவுகளுக்கு?”

கட்டிக் கொடுத்த பெண்ணை வைத்து வாழ இஷ்டம் இல்லை என்றால் சீரைத் திருப்பி அனுப்புவது உண்டு. பிள்ளை குட்டி இல்லாமல் பெண் செத்துப்போனாலும் திருப்பி அனுப்புவது உண்டு. சீனியம்மாள் முதலாவதை எடுத்துக்கொண்டாள், இரண்டாவதன் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு நாள் மாப்பிள்ளை வீட்டாரைத் தெருவில் நின்று ஏசினாள். மூன்றாம் நாள் தண்ணீர்க்குடம் விழுந்தது, ஐந்தாம் நாள் தாம்பாளம் விழுந்தது, அதற்குள் அவள் கோபம் தணிந்து முகத்தில் ஒரு தெளிச்சி வந்துவிட்டது.

“சாமான் முன்னால வருது. ஆளு பின்னால வருவா. வச்சு வாழாட்டிப் போறான், எம் பிள்ள எங்கிட்ட இருக்கட்டும்.”

சொன்னதோடு நிற்கவில்லை. கதவு, குழவி, தொட்டில் எல்லாம் நோகாமல் இறங்குகிறபோது மகள் இறங்க மாட்டாளா? முற்றத்தில் வைக்கோலைப் பரப்பி, அதன் மேல் இரண்டு மெத்தையைப் போட்டு, தினமும் பத்தரை மணிக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தாள். ஊர்ச் சனமும் அதை வேடிக்கையாகப் பார்க்கவில்லை. “ஏத்தா, மக எந்தத் தெசையில வருவா?” என்று அக்கறையாக விசாரித்தது. தவசியும் உள்ளே இருந்து பார்த்தான். காடு வழியாக நடந்து கிளம்பியவர்கள் யாரும் வெண்கலத்தைச் சுமந்து போகவில்லை. வீட்டில் போட்டுவிட்டுத்தான் போனார்கள். அப்படியானால் பாத்திரம் மட்டும் விழுவது நல்ல சேதி. அக்கா அந்தக் காலையில் அங்கே இல்லை என்று அர்த்தம். இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு அவன் தொங்கினான். ஒவ்வொரு நாளும் பத்தே முக்காலுக்கு அவன் பயந்தது அவள் சேலைத் துண்டு ஏதும் விழுந்துவிடுமோ என்றுதான்.

ஒருநாள் அவனால் தாங்க முடியவில்லை. காளியம்மன் கோயிலில் ஊர்க்கூட்டம் நடந்துகொண்டிருந்தது. இரண்டு கூரைக்கும் நடுவில் விழுந்த தையல் மிஷின் கால் யாருக்கு என்று வழக்கு. தவசி எழுந்து நின்றான். பட்டாளத்திலிருந்து வந்த பிறகு அவன் ஊருக்கு முன்னால் பேசியது அதுதான் முதல் தடவை.

“இதெல்லாம் செத்தவுக சாமான். லெட்பான்னு ஒரு ஊரு. நான்தான் அந்த ஊர்மேல குண்டு போட்டேன். இது அம்புட்டும் என்னால வர்றது.”

தவசி கல் விழும் என்று நின்றான், காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றான். நாட்டாமை வெயிலுமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“பாத்தீகளா? பர்மாவுக்குப் போனவன் எவனாச்சும் வெறுங்கையோட வந்திருக்கானா? எங்க சின்னையா தேக்கங்கட்டில் அனுப்புனாக, மாமன் அரக்குப் பெட்டி அனுப்புனாக. நம்ம பயல் ஊருக்கே அனுப்பியிருக்கான்! அதையும் இத்தன நாளா வாயத் தெறந்து சொல்லல பாரு!”

“அண்ணாச்சி, செத்துப் போயிட்டாக...”

“சண்டையின்னா சாவாகத்தான், அதுக்கு நீ என்னப்பா பண்ணுவ?” என்று அவனைத் தழுவிக்கொண்டு, கோயில் மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். குலவை போட்டார்கள். குருவம்மாள் பச்சைச் செருப்புக் காலோடு முன்னால் வந்து, “அந்த மிஷினோட மேப்பாகமும் விழும்லய்யா?” என்று கேட்டாள். இஸ்ரவேல் வாத்தியார் மட்டும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே போனார். ஆனால் அவரும் கரும்பலகையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. யாரிடம் கொடுப்பது?

பங்குனி பிறந்து, தவசி குண்டு போட்ட அதே தேதியும் வந்தது. அன்றைக்குச் சீனியம்மாள் மெத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பத்தே முக்காலுக்கு மெத்தையின் நட்டநடுவில் ஒரு வெண்கலக் கும்பா, தட்டால் மூடியபடி, பூவாக இறங்கியது. தவசி நிலைப்படியிலிருந்து பார்த்தான். கும்பாவின் வயிற்றில் அவன் எழுத்து, அவன் குருவி. அம்மா தட்டை எடுத்தாள். ஆவி வந்தது. புளியும் மிளகாயும் பூண்டும் வைத்து இடித்த துவையலைப் போட்டுப் பிசைந்த சுடுசோறு. அந்தத் துவையலைச் சீனியம்மாள் வீட்டில் தவிர வேறு எந்த வீட்டிலும் அப்படி இடிக்க மாட்டார்கள். அவள் ஒரு வாய் அள்ளிப் போட்டாள். மென்றாள். கண்ணில் நீர் வந்தது, சிரிப்பும் வந்தது.

“உப்பு கூட! எங்க போனாலும் திருந்த மாட்டா இவ. ஏய்யா தவசி, ஓடியா! கை சுடுது பாரு. இப்பத்தான் ஆக்கியிருக்கா. எம் பிள்ள உசுரோட இருக்கா!”

தவசி பிடித்துத் தொங்கிய நூல் அந்த இடத்தில் அறுந்தது. அக்கா நடந்து போகவில்லை. அந்தக் காலையில் அவன் மேலேயிருந்து பார்த்த நாலைந்து புகையில் ஒன்று அவள் அடுப்பு.

அம்மா கும்பாவில் பாதியைத் தட்டில் வைத்து அவன் முன்னால் நீட்டினாள். அவன் உட்கார்ந்தான். சாப்பிட்டான். உப்புக் கரித்தது. கடைசிப் பருக்கை வரை வழித்துத் தின்றான், ஒரு பருக்கையை மண்ணில் விட அவனுக்கு மனசு வரவில்லை. பிறகு சொன்னான்.

“அம்மா, இது இன்னைக்கு ஆக்குன சோறு இல்ல.”

“பின்ன?”

“ரெண்டு வருசத்துக்கு முன்னால ஆக்குனது. நான் அங்க போன அன்னைக்குக் காலையில.”

“நீ பாத்தியா அவள?”

“அவளப் பாக்கல. அடுப்புப் புகையப் பாத்தேன். நம்ம கோயில் மாதிரி காவிப்பட்டை போட்ட செவரப் பாத்தேன். நம்மாளுக இருக்காகன்னு தெரிஞ்சுச்சு.”

“தெரிஞ்சுமா போட்ட?”

“தெரிஞ்சும்தாம்மா.”

இரண்டு வருசமாக அவன் இந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தான். அம்மா விளக்குமாற்றை எடுப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள், நீ விளங்குவியா என்று அடிவயிற்றிலிருந்து சாபம் விடுவாள், அதை வாங்கிக்கொண்டால் நெஞ்சில் இருக்கிற பாரம் கொஞ்சம் இறங்கும் என்று. சீனியம்மாள் எதுவும் செய்யவில்லை. கும்பாவின் குருவியைப் பெருவிரலால் தடவினாள். பிறகு நிமிர்ந்தாள்.

“நான் குடுத்துவிட்ட சேலை எங்க?”

“பெட்டியில இருக்கு.”

“எடுத்துட்டு வா.”

கட்டிக் கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி அவள் மேல் விழ வேண்டும். புருசன் வீட்டில் பட்டே போர்த்தினாலும் அது கணக்கில் சேராது. உடன்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்துகிற புதுச்சேலைதான் அவளை அனுப்பி வைக்கும். எட்டு வயதுப் பிள்ளைக்கும் இது அந்த ஊரில் தெரியும். தவசி அரக்குச் சுங்குடியைக் கொண்டுவந்து, மடிப்புக் கலையாமல், அம்மாவின் கையில் கொடுத்தான். அவள் அதை விரித்தாள். நாலு வருசம் மடிப்பிலேயே இருந்ததால் மடித்த இடமெல்லாம் நிறம் வெளுத்திருந்தது.

“அம்புட்டுத் தூரம் போயி, அம்புட்டையும் போட்டியேய்யா. அதோட இந்தக் கோடியையும் போட்டுட்டு வந்திருக்கக் கூடாதா?”

கோபமாகக் கேட்கவில்லை. மறதிக்காரப் பிள்ளையிடம் கேட்பது மாதிரிதான் கேட்டாள். பிறகு சேலையைக் கும்பாவின் மேல் போர்த்தி, நாலு பக்கமும் இழுத்து விட்டு, அதன் முன்னால் உட்கார்ந்து மாரில் அறைந்துகொண்டு ஒப்பாரி வைத்தாள். இத்தனை வருசம் அடக்கி வைத்திருந்த அழுகை. தெரு முழுக்கக் கேட்டது. இன்றைக்குச் சீனியம்மாள் வீட்டில் பெரிசாக ஏதோ விழுந்திருக்கிறது என்று சனம் ஓடி வந்தது. வந்து பார்த்துவிட்டு, பெண்கள் கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்து அழுதார்கள்.

அதற்குப் பிறகு வானத்திலிருந்து எதுவும் விழவில்லை. மறுநாளும் இல்லை, அடுத்த மாதமும் இல்லை. ஊர் ஆடி வரைக்கும் கூரையைப் பெருக்கிக்கொண்டு காத்திருந்தது. தையல் மிஷினின் மேல்பாகம் வரவே இல்லை. நல்லா வந்துக்கிட்டு இருந்ததை அழுது கெடுத்துட்டா என்று குருவம்மாள் சொன்னாள், ஊரும் அதுதான் சரி என்று ஏற்றுக்கொண்டது. சீனியம்மாள் வீட்டுக்கு நல்லது கெட்டதுக்குச் சொல்லிவிடுவதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்திருந்தார்கள். குருவம்மாளின் பேரன் அந்தத் தொட்டிலிலேயே குப்புற விழுந்து, தவழ்ந்து, வளர்ந்தான்.

சீனியம்மாள் மகனோடு பேச்சை நிறுத்தவும் இல்லை, அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவும் இல்லை. நேரா நேரத்துக்குச் சமைத்தாள், கூப்பிட்டாள், பரிமாறினாள். அன்றிலிருந்து அவள் வைத்த குழம்பு, ரசம், துவையல் எல்லாவற்றிலும் உப்பு கூடவே இருந்தது. வயசாகிவிட்டது, கை அளவு தப்புகிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். தவசிலிங்கம் ஒருநாளும் சொன்னதில்லை. தட்டை வழித்துத் தின்றுவிட்டு, சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துபோனான்.